நான் அளக்காத விரலெலும்பு

மேடையில் இருக்கும் துறைத்தலைவர் அவர்களே, முதல் வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும், மறைந்த நம் பேராசிரியரின் துணைவியாரான அண்ணி அவர்களே, எலும்பறையில் எங்களோடு உழைத்தவர்களே, அவரிடம் படித்தவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம். புகழ்ந்து பேசத்தான் என்னை அழைத்தீர்கள். புகழத்தான் போகிறேன். ஆனால் பாதியில் என் குரல் மாறும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பேராசிரியரை மாணவர்கள் 'கால் வாத்தியார்' என்றார்கள். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. மனிதனின் மூதாதை ஏன் நாலு காலை விட்டு இரண்டு காலில் எழுந்து நின்றான்? இந்த ஒரே கேள்வியை முப்பது ஆண்டுகள் கட்டிக்கொண்டு அழுதவரை வேறு எப்படி அழைப்பது? முதுகில் விழும் வெயிலைக் குறைக்க நின்றான் என்றார்கள் சிலர். உயர்ந்த புல்லுக்கு மேலே எட்டிப் பார்க்க நின்றான் என்றார்கள். இரண்டு காலில் நடந்தால் உடம்பு களைக்காது என்றார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு இவர் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். "தூக்கிட்டுப் போகக் கை வேணும். அதான் நின்னான். வேற கதை எதுக்கு?"

என் கட்சி வேறு. மேல் கிளையைப் பிடித்துக்கொண்டு கீழ்க் கிளையில் நின்று பழகியவன், அந்தப் பழக்கத்தோடுதான் தரைக்கு இறங்கினான் என்பேன் நான்.

ஒருமுறை பள்ளிப் பிள்ளைகள் எலும்பறைக்கு வந்திருந்தார்கள். மூலையில் ஆரஞ்சுப் பழங்களைக் குவித்துவிட்டு, "நாலு கால்ல போயி, ஆளுக்கு நாலு பழம் எடுத்துட்டு வாங்க பாக்கலாம்" என்றார். தவழ்ந்து போனவர்கள், பழங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "அதே பழத்த மேல கட்டித் தொங்க விடுங்கண்ணா. எடுக்கப் போறப்பவே நின்னுடுவாங்க" என்றேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். இப்படிச் சண்டை போட ஒரு மனிதர் யாருக்குக் கிடைப்பார்? எனக்குக் கிடைத்தார்.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வோர் எலும்பையும் இருவர் தனித்தனியே அளப்போம். ஒருவர் குறிப்பேட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. அளந்து முடித்த பிறகுதான் ஒப்பிடுவோம். அதைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், நிமிர்ந்து நடந்த ஒரு மூதாதையின் விரலெலும்பு எங்களுக்கு வந்தது. அது வளைந்திருந்தால், நடக்கத் தெரிந்தவன் கிளையையும் பிடித்திருக்கிறான் என்று நான் வாதாடலாம். நேராக இருந்தால் அவர் பக்கம் பலக்கும். அந்த வாரம் என் அம்மா மருத்துவமனையில் இருந்தார். பேராசிரியர் போனில் சொன்னார்: "நான் ரெண்டு தடவ அளந்துட்டேம்மா. நீ அம்மாவப் பாரு." நான் அளக்கவில்லை. வளைவு இருபத்தாறு பாகை, ஏறக்குறைய நம் விரலைப் போலத்தான் என்று இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. என் கருத்து தவறு என்று இதே அரங்கில் நின்று நானே சொன்னேன். முதலில் கைதட்டியவர் அவர்.

போன செவ்வாய்க்கிழமை அவருடைய மேசையை ஒழித்துக் கொடுக்கச் சொன்னார் அண்ணி. அடி இழுப்பறையில் அந்த ஆண்டின் குறிப்பேடு இருந்தது. அந்த எலும்புக்கு நேரே, அவர் கையெழுத்தில், நாற்பத்தொன்று. அதற்குக் கீழே இரண்டாவது முறை அளந்தது. அதுவும் நாற்பத்தொன்று. இரண்டையும் அடித்துவிட்டு, இருபத்தாறு என்று எழுதியிருந்தார். கை தவறியிருக்கும் என்று எனக்கு நானே எத்தனை முறை சொல்லிப் பார்த்தேன் தெரியுமா? அடித்த கோடு அடிமட்டம் வைத்துப் போட்ட கோடு.

கடைசி நாலு மாதம் வாரம் தவறாமல் அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். மருந்தின் கசப்பைப் பற்றிப் பேசினார். ஜன்னல் கதவு கிறீச்சிடுவதைப் பற்றிப் பேசினார். இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஏன் அண்ணா? என்ன குறைந்து போயிருக்கும்?

என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், உண்மையான அளவை வைத்துக்கொண்டே அவர் என்னை மடக்கியிருக்கலாம். "வளைஞ்ச விரல் முன்னோர்கிட்டேருந்து வந்த மிச்சமா இருக்கலாம்மா. அத வச்சு மரத்துல இருந்தான்னு எப்படிச் சொல்ற?" என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. ஒரு விரலெலும்பு என் கட்சியை நிலைநாட்டிவிடாது. நான் நேர்மையாகத் தோற்றிருப்பேன், மறுநாள் வந்து மறுபடி சண்டை போட்டிருப்பேன். அவர் என்னை ஏமாற்றிவிட்டார். இதை வேறு நல்ல வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை அந்தக் குறிப்பேட்டை அண்ணியிடம் காட்டினேன். மறைத்துவிடு என்று அவர் சொல்லவில்லை. "நீ பேசு. நான் எந்திரிச்சுப் போக மாட்டேன்" என்றார். போகாமல் இருக்கிறார்.

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே உறுதி எடுப்போம். நானும் எடுக்கிறேன். நாளை காலை ஒன்பது மணிக்கு அந்த விரலெலும்பு இருக்கும் பெட்டியைத் திறக்கிறேன். அளவு எதுவானாலும் திருத்தம் வெளிவரும். அதில் அவர் பெயர் இருக்கும். அளக்காமலே கையெழுத்துப் போட்ட என் பெயரும் இருக்கும். என்னோடு இன்னொருவர் அளக்க வேண்டும். அவரிடம் படித்தவர்களில் யார் வருகிறீர்கள்? வருகிறவருக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். என்மேல் உங்களுக்கு எவ்வளவு அன்பு இருந்தாலும் சரி, நான் சொல்லும் எண்ணை நம்பாதீர்கள்.