முப்பத்தோராவது பதிவு

பாட்டு கேட்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவது என் பழக்கம். இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் ஓடுகிற விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'டிக்' என்கிறது. உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். எனக்கு அது நிற்கும்வரை வேறெதுவும் காதில் ஏறாது. பரவாயில்லை, ஓடட்டும் மேடம். வெயில் அப்படி. நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிக்கொள்கிறேன்.

என் பெயர் முத்தமிழ்செல்வன். அறுபத்திரண்டு வயது. அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். பொடியைச் சலித்து, எடை போட்டு, ஒரு மாதிரிக்கும் இன்னொரு மாதிரிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிற வேலை. யாருக்கும் தெரியாத வித்தியாசம் எனக்குத் தெரியும் என்று அங்கே ஒரு பெயர் இருந்தது. ஓய்வுக்குப் பிறகு பெரம்பலூரில் துறையூர் சாலைக்கு உள்ளே தள்ளி ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம், நானும் என் மனைவி பரிமளாவும். பிள்ளைகள் இல்லை. அவள் குரும்பலூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியை.

பரிமளா பாடுவாள். மேடைக் குரல் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டிய குரல். அவளுக்கு ஆஸ்துமா இருந்தது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையில் குடியிருந்த காலத்தில் வந்தது. அதனாலேயோ என்னவோ, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் மூச்சை இழுப்பது ஒரு தனி அழகு. மூன்று வருடத்துக்கு முன்பு, மே மாதத்தில் ஒரு நண்பகல், இழுப்பு அதிகமாகி இறந்துபோனாள். நான் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன்.

அடுத்த வருடம்தான் ஒரு ஸ்ட்ரீமரை வாங்கினேன். ஒரு தடித்த புத்தகம் அளவுக்குக் கறுப்புப் பெட்டி. இணையத்திலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ பாட்டை எடுத்து ஆம்ப்ளிபயருக்குக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த விலைக்கு ஒரு பழைய கார் வாங்கியிருக்கலாம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதில் திரை கிடையாது. எனக்கு அதுவே பிடித்தது. பார்க்க எதுவும் இல்லாதபோது காது ஒழுங்காக வேலை செய்யும்.

அதில் நான் தினமும் கேட்டது பரிமளாவின் பதிவு. நானே எடுத்தது. ஒரு தாலாட்டு. அவளே இட்டுக்கட்டியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருவேன். கடைசி வரிக்கு முன்னால் அவள் இழுக்கும் மூச்சு அறையின் இடது மூலையிலிருந்து வரும். அவள் உட்கார்ந்திருந்த அதே இடம். உதடு காய்ந்திருப்பதுகூடத் தெரியும். ஒரு நாள் அடுத்த வீட்டுக்காரம்மா சின்னப்பிள்ளை மதில் ஓரமாக வந்து கேட்டாள்.

"அண்ணே, வூட்டுக்கு யாரும் வந்துருக்காங்களா? டெய்லி மத்தியானத்துல யாரோ மூச்சு வாங்குற மாதிரியே கேக்குது. உடம்பு சரியில்லாதவங்களா?"

யாரும் இல்லை என்றேன். எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது. ஒரு கருவிக்கு அதைவிட நல்ல சான்று வேறு என்ன வேண்டும்?

என் மைத்துனன் தர்மன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பரிமளாவுக்குப் பதினோரு வயது இளையவன். தாய் இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அரியலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறான். அக்கா போன பிறகும் மாதம் ஒரு முறை பஸ் ஏறி என்னைப் பார்க்க வருவான். சமைத்துக்கூட வைத்துவிட்டுப் போவான். நல்ல பையன், மேடம். அவன்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

"இந்தப் பொட்டியிலயும் கம்ப்யூட்டர்லயும் அதே ஃபைல்தான் மாமா. அதே நம்பர்தான் போவுது. ஏதோ ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட கம்ப்யூட்டர்ல போட்டாலும் இதே சத்தந்தான் வரும்" என்பான்.

"உங்களுக்குக் காது பழகலை மாப்பிள்ளை" என்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்படிப்பட்ட ஒரு லேப்டாப் கம்ப்யூட்டரைப் பையில் போட்டுக்கொண்டே வந்துவிட்டான். என் ஆம்ப்ளிபயரிலேயே அதையும் இணைத்தான். நான் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். அவன் காசைச் சுண்டி, பூவா தலையா பார்த்து, இரண்டில் ஒன்றை ஒலிக்கவிடுவான். எது என்று நான் சொல்ல வேண்டும். பத்து தடவை ஒரே சினிமாப் பாட்டைப் போட்டான். நான் தயங்கவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் உடனே சொன்னேன்.

ஐந்து சரி. ஐந்து தப்பு.

"கண்ண மூடிக்கிட்டு வாய்க்கு வந்தத சொல்லிருந்தாலும் இதே அஞ்சுதான் மாமா வந்துருக்கும்" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. காபி போட எழுந்து போனான். முப்பது வருடம் வித்தியாசம் சொல்லியே சாப்பிட்டவன் நான். தோற்றதை அப்படியே விட்டிருந்தால் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் விட முடியவில்லை. சினிமாப் பாட்டில் என்ன தெரியும், பரிமளாவின் பதிவைப் போடுங்கள், அதில் என்னை ஏமாற்ற முடியாது என்றேன். பென் டிரைவை நானே எடுத்துக் கொடுத்தேன். அதுவரை அந்தப் பதிவை யாருக்கும் கொடுத்ததில்லை.

"முதல் ரெண்டு நிமிஷம் மட்டும் போடுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கம்ப்யூட்டருக்குத் திரை இருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை.

"நாலு நிமிஷப் பாட்டுக்கு நாப்பத்தேழு நிமிஷம் காட்டுதே மாமா" என்றான். நான் பதில் சொல்வதற்குள் கடைசிப் பக்கமாக எங்கேயோ தள்ளிவிட்டான்.

அந்த நாற்பத்தேழு நிமிடத்தை விளக்கிவிடுகிறேன். அதற்கு முன்னால் முப்பது பதிவுகள் எடுத்திருந்தேன். எல்லாவற்றிலும் ஏதாவது குறை. நாய் குரைத்தது, கதவு ஆடியது, அவள் இருமினாள். அது முப்பத்தோராவது. அன்று நிறுத்தாமல் ஓடவிட்டேன். ஜன்னல்களில் மெத்தையைச் சார்த்தி வைத்திருந்தேன். விசிறி கிடையாது. அவள் ஸ்டூலில், நான் இரண்டு கை தூரத்தில் மேசையில், ஹெட்போனுடன். அவளுடைய பம்ப் என் சட்டைப்பையில் இருந்தது. ஆஸ்துமாவுக்கு வாயில் வைத்து அழுத்துகிற பம்ப். அதை இழுத்தால் அரை மணி நேரத்துக்கு அவள் குரல் கட்டிவிடும். அதனால் பதிவுக்கு முன்னால் வாங்கி வைத்துக்கொள்வேன். இரண்டு மணி ஆனால் தெருவில் ரைஸ்மில் ஓட ஆரம்பித்துவிடும். நேரம் குறைவு.

ஒன்பது தடவை பாடினாள். ஒவ்வொன்றும் முந்தியதைவிட நன்றாக இருந்தது. பத்தாவது தடவை கடைசி வரிக்கு முன்னால் நிறுத்தினாள்.

தர்மன் தள்ளிவிட்டது அந்த இடத்தில். "என்னங்க, பம்ப குடுங்க" என்றது ஸ்பீக்கர். "இந்த ஒரு வரி மட்டும். முடிச்சுட்டுத் தரேன்" என்றது என் குரல். பிறகு அந்த மூச்சு. இன்னொன்று. இன்னொன்று. ஸ்டூல் சாய்கிற சத்தம்.

அவள் விழுந்தபோது மைக் இடிபடாமல் இருந்ததா என்றுதான் முதலில் பார்த்தேன். இருந்தது. ஒவ்வொரு பதிவின் முடிவிலும் வெறும் அறையின் அமைதியை ஒரு நிமிடம் எடுத்து வைப்பது முறை. அன்றும் எடுத்தேன். பிறகுதான் எழுந்து போனேன்.

தர்மன் திரும்பவும் அதே இடத்திலிருந்து போட்டான். மூன்றாவது தடவை போடவில்லை. நான் சுவரைப் பார்த்தபடியே இருந்தேன்.

"பால் வாங்கப் போனதா சொன்னீங்களே மாமா" என்றான்.

பிறகு, "இது எனக்குப் பாடுன தாலாட்டு" என்றான். பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கிப் போனான். நேராக இங்கேதான் வந்திருக்கிறான். நான் தடுக்கவில்லை. அவன் போட்டு வைத்த காபியைக் குடித்துவிட்டு உங்களுக்காகக் காத்திருந்தேன்.

அதை ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். அவளுடைய ஆகச் சிறந்த பதிவு அது. அதை எப்படி அழிப்பது? அவள் கேட்டாள், நான் கொடுக்கவில்லை, இறந்துபோனாள். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், மேடம். கோர்ட்டில் அதை இந்த ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டாதீர்கள். இதில் கேட்டால் அவள் ஏதோ கெஞ்சுவது போலத்தான் இருக்கும். என் வீட்டுப் பெட்டியில் ஒரு முறை கேளுங்கள். அவள் கடைசி வரியைத் தொடங்குவது தெளிவாகக் கேட்கும்.