மூச்சு, தரை, கணக்கு

எனக்குக் கால்பந்து ஆடத் தெரியாது. நான் உதைத்தால் பந்து நிற்கும், செருப்பு பறக்கும். அக்கா மகன் இதைச் சொல்லிச் சொல்லியே என் மானத்தை வாங்குவான். "மாமா, நீங்க மனசுக்கு மட்டும் கோச்சா இருங்க. காலை எங்ககிட்ட விட்டுடுங்க." என் வேலையும் அதுதான். அணியின் மனப்பயிற்சியாளன் நான். அவன் முன்வரிசை ஆட்டக்காரன்.

நான் சொல்லிக்கொடுத்தது பெரிய வித்தை இல்லை, ஐயா. விசில் ஊதி ஆட்டம் நின்றால், மறுபடி தொடங்குவதற்குள் மூச்சை முழுவதும் விட வேண்டும். குதிகாலைத் தரையில் அழுத்த வேண்டும். பிறகு கணக்கு. எந்தப் பாதி, எத்தனைக்கு எத்தனை, கடைசிக் கோல் யார் அடித்தது? வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதிரணிகள் முதலில் கேலி செய்தன. எங்களிடம் தோற்கத் தொடங்கியதும் கேலி அடங்கிவிட்டது.

ஆரம்பத்தில் கணக்கு கிடையாது, மூச்சும் தரையும் மட்டும்தான். போன வருடம் எங்கள் தடுப்பாட்டக்காரர் ஒருவருக்குத் தலையில் அடிபட்டது. எங்கள் அணி டாக்டர் பக்கத்தில் மண்டியிட்டு, மூளை கலங்கியிருக்கிறதா என்று பார்க்க இந்த மூன்று கேள்விகளைத்தான் கேட்டார். அடிபட்டவர் பதில் தெரியாமல் திருதிருவென்று விழித்தார். டாக்டர் கறாரான மனிதர். அந்த ஆட்டக்காரரைப் பல வாரங்கள் ஆடவிடாமல் உட்கார வைத்துவிட்டார். நாங்கள் வரிசையாகத் தோற்றோம். அதற்கடுத்த பயிற்சியில்தான் கணக்கைச் சேர்த்தேன். கவனம் சிதறாமல் இருப்பதற்கு என்று பையன்களிடம் சொன்னேன். கவனமும் சிதறவில்லை, அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

இறுதி ஆட்டத்தில் அக்கா மகனும் எதிரணிக்காரன் ஒருவனும் ஒரே பந்துக்கு எம்பினார்கள். தலையும் தலையும் மோதிய சத்தம் பெஞ்சு வரை கேட்டது. டாக்டர் பையோடு ஓடினார், நான் தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன். எங்களுக்கு ஃப்ரீ கிக் கிடைத்திருந்தது. அதனால் சுற்றி நின்ற எங்கள் ஆட்கள் வழக்கம்போல மூச்சை விட்டு, குதிகாலை அழுத்தி, அவன் தலைமாட்டிலேயே கணக்கைச் சொன்னார்கள்.

"ரெண்டாவது பாதி. ஒண்ணுக்கு ஒண்ணு. கடைசிக் கோல் நம்ம கேப்டன்."

டாக்டருக்கு அது தினமும் கேட்டுப் புளித்துப்போன சத்தம். அவர் தன் கேள்விகளைக் கேட்டார். அவன் கண்ணை மூடியபடியே ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தான். எனக்கு அப்போது உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க அவனுக்கு மாமா. எப்பவும் போலத்தான் இருக்கானா?"

"எப்பவும் போலத்தான் இருக்கான் டாக்டர்" என்றேன்.

அவன் ஆடினான். கார்னரில் வந்த பந்தைத் தலையால் முட்டிக் கோலும் அடித்தான். எல்லோரும் அவன் மேல் பாய்ந்து கட்டிக்கொண்டார்கள். அவர்கள் எழுந்தபிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. நாங்கள் கோப்பை வாங்கும்போது அவன் ஆம்புலன்ஸில் இருந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உன் கையில குடுத்த புள்ளையை அந்த டாக்டர் சாகடிச்சுட்டானேடா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். டாக்டர் வேலையை இழந்துவிட்டார் என்றும், நீங்கள் அவரைக் கைது செய்யப் போகிறீர்கள் என்றும் நேற்றுக் கேள்விப்பட்டேன். அது நியாயமில்லை. அதனால்தான் வந்தேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். டாக்டர் என்னைக் கேட்பதற்குச் சற்று முன்பு அவர் பையை மூடிக்கொண்டிருந்தார். நான் அக்கா மகனைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினேன். அவன் என் காதருகே வந்து, சின்னப் பிள்ளை மாதிரி மெதுவாகக் கேட்டான்.

"மாமா, நாம எந்தப் பக்கம் அடிக்கணும்?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். குழப்பத்தோடு எந்த ஆட்டக்காரனையும் நான் மைதானத்துக்குள் அனுப்பியதில்லை, ஐயா.