மஞ்சளாகாத ஜன்னல்

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது, ஐயா. எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். தினமும் காலையில் ஐந்து மாடி ஏறி, தனியாக இருக்கும் கிழடுகளின் கதவைத் தட்டி, உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்க என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நானும் ஒரு கிழடுதான். அதனால் ஓர் இணையதளம் செய்தேன்.

எழுந்ததும் அவரவர் கைபேசியில் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். என் திரையில் கட்டடத்தின் படம் இருக்கும். அமுக்கியவரின் ஜன்னல் மஞ்சளாகும். ஒன்பது மணிக்கும் கறுப்பாக இருக்கும் ஜன்னலுக்கு மட்டும் நான் குடியிருப்போர் சங்கத்திடம் இருக்கும் மாற்றுச் சாவியோடு போவேன். தளம் வந்த பிறகு யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை. சிபா நகரில் எங்கள் பக்கம் அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுப்பதைப் போல ஒரு குற்றம் இல்லை. நுகுயி பார்த்துக்கொள்வார் என்று என்னை நம்பி நிம்மதியாக இருந்துவிட்டார்கள். தனியாகக் கிடந்து செத்தவர் இங்கே ஒருவரும் இல்லை என்று தளத்தின் முகப்பில் எழுதியிருந்தேன். அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

மூன்றாம் மாடியில் தொகாஷி அம்மா தனியாக இருந்தார். கணவர் போய் வெகுகாலம். வாய் கொஞ்சம் நீளம். மாடிப்படியில் அகப்பட்டால் விடமாட்டார்.

“என்ன நுகுயி-சான், இன்னிக்கும் நான் சாகலை. ஏமாந்துட்டீங்களா?”

“காலங்காத்தால என்னம்மா பேச்சு இது?”

“எந்திரிக்கவே மனசு வரலை. நான் அமுக்கலைன்னா உங்க முட்டிதானே மாடி ஏறணும்? பாவமேன்னு எந்திரிச்சேன்.”

எனக்கு அவரைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் வியாழக்கிழமை பத்திரிகைக்காரர்கள் தளத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. “அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் எதையும் நோண்டாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று சங்கத் தலைவர் இகராஷி சொல்லியிருந்தார். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்பு. திங்கள் மாலை லாகின் பாதுகாப்புக்கென்று ஒரு பிளக்இன்னைச் சேர்த்தேன். தளத்துக்கு வாசல் காவல்காரன். அதில் ஏதோ கோளாறு. செவ்வாய் காலை சரியான பாஸ்வேர்டு போட்டும் என்னையே உள்ளே விடவில்லை. மற்றவர்களின் பட்டன்கள் எப்போதும்போல வேலை செய்தன. ஜன்னல்களைப் பார்க்கத்தான் ஆளில்லை.

“வீடு வீடா ஒரு நடை போய்ப் பார்த்துடலாமா?” என்றார் இகராஷி.

“வேண்டாங்க. அப்புறம் தளம் எதுக்குன்னு கேப்பாங்க. இன்னிக்கே சரியாயிடும்.”

புதன் மதியம்தான் வழி ஞாபகம் வந்தது. தளத்தின் கோப்புகள் இருக்கும் இடத்துக்குப் பின்வாசல் வழியே போய், அந்த பிளக்இன் ஃபோல்டரின் பெயரை மாற்றினால் போதும். தளம் அதைத் தேடும், கிடைக்காது, காவலை விட்டுவிடும். ஓர் எழுத்தைச் சேர்த்தேன். திறந்துகொண்டது.

மூன்றாம் மாடியில் தொகாஷி அம்மாவின் ஜன்னல் கறுப்பாக இருந்தது. முந்தின நாளையும் எடுத்துப் பார்த்தேன். அன்றும் கறுப்புதான்.

நான் பதறவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். இப்போது கதவைத் திறந்தால், நேற்றே ஏன் யாரும் வரவில்லை என்று கேட்பார்கள். நோண்டியது யார் என்று கேட்பார்கள். விடிந்தால் பத்திரிகைக்காரர்கள். எப்படியும் அவர் போய்ச் சேர்ந்திருப்பார், போனவருக்கு இன்றென்ன, நாளையென்ன என்று தோன்றியது. சேர்த்த எழுத்தை எடுத்துவிட்டேன். தளம் பூட்டிக்கொண்டது. உள்ளே போக முடியாதவனுக்கு உள்ளே இருப்பது தெரிந்திருக்க நியாயம் இல்லையே.

பத்திரிகைக்காரர்களுக்குப் பழைய படங்களைக் காட்டினேன். திருப்தியாகப் போனார்கள். வெள்ளி காலை மறுபடி அந்த எழுத்தைச் சேர்த்தேன். “ஒருவழியா திறந்துடுச்சுங்க” என்று இகராஷியிடம் சொல்லி, இருவருமாகச் சாவியோடு மேலே போனோம். தொகாஷி அம்மா குளியலறையில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். கையில் தண்ணீர் மொள்ளும் கிண்ணம். உயிர் போய்ச் சில மணி நேரம்தான் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். இகராஷி அங்கேயே உட்கார்ந்து அழுதார். நான் ஆம்புலன்ஸ்காரர்களுக்கு வழிவிட்டு நின்றேன்.

அந்த வீடு இப்போது காலி. ஆனாலும் என் குளியலறைச் சுவரில் குழாய் தட்டுகிறது. மெதுவாகத் தட்டும், நிற்கும், தொந்தரவு கொடுக்கிறோமோ என்று தயங்கி மறுபடி தட்டும். நேற்று உங்கள் ஸ்டேஷனில் இந்த அறையிலும் கேட்டது. உங்கள் ஆளைக் கூப்பிட்டுக் காதை வைத்துக் கேட்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

ஆமாம், என் வீடு அவர் வீட்டுக்கு நேர் கீழே. புதன் மாலையே கேட்டது. பழைய கட்டடம், குழாய் இப்படித்தான் சத்தம் போடும் என்று டிவியைக் கூட்டிவைத்தேன். வியாழனும் கூட்டிவைத்தேன்.

தளத்தை ஏன் வெள்ளிக்கிழமை திறந்தேன் என்று கேட்டீர்கள். அன்று விடியற்காலையில் சத்தம் நின்றது. அதற்கு அப்புறம்தான் என்னால் திறக்க முடிந்தது.