பூனை வருஷத்துக்காரி

தாவ்: பெரியம்மா, கையை எடுங்க. பேனாவைப் புடிச்சுக்கிட்டா மூத்தோர் பட்டியல்ல உங்க பேரை நான் எப்படி எழுதுறது?

லியூ: எழுதாதேன்னுதானே புடிக்கிறேன்! அடுத்த வருஷம் எழுதிக்கோ. நான் என்ன ஓடியா போகப்போறேன்?

தாவ்: முடியாது. நம்ம ஆபீஸ்ல பழைய பிறப்புப் பதிவேட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. அதுல நீங்க பொறந்தது புலி வருஷம். இந்த டெட் புத்தாண்டுப் பண்டிகையோட எழுபத்தஞ்சு.

லியூ: ஸ்ஸ்... மெதுவா! என் அடையாள அட்டையைப் பாரு. புலிக்கு அடுத்த பூனை வருஷம். எழுபத்தி நாலுதான்.

தாவ்: அட்டை நீங்க சொன்னதை வச்சுப் போட்டது. பதிவேடு உங்கப்பா சொன்னது.

லியூ: எங்கப்பனுக்கு எப்பவுமே வாய் நிக்காது.

தாவ்: மூத்தோர் சட்டம் பெரியம்மா. எழுபத்தஞ்சு ஆனவங்களை மேடையேத்தி மரியாதை செஞ்சே ஆகணும். ஒருத்தரை விட்டாலும் மேலிடத்துல என்னைத்தான் காய்ச்சி எடுப்பாங்க.

லியூ: எனக்கு மரியாதையே வேணாம்னு எழுதித் தரேன்.

தாவ்: அதுக்கு ஃபாரம் கிடையாது.

லியூ: பண்டிகைக்கு வாழையிலையில கட்டுற ஒட்டரிசிப் பொட்டலம்... உனக்குப் பத்து தரேன்.

தாவ்: அரசாங்க ஊழியருக்கு லஞ்சமா?... பன்னிக்கறி நெறைய வச்சதா?

லியூ: வழிய வழிய.

தாவ்: வேணாம் பெரியம்மா, ஆசை காட்டாதீங்க! இதோ, பட்டியல்ல எழுதிட்டேன். பேரைப் போட்டா அப்படி என்னதான் ஆயிடும்?

லியூ: பண்டிகை நாலாம் நாள் ஒலிபெருக்கியில ஊருக்கே வாசிப்பீங்கல்ல? "லியூ, புலி வருஷம்"னு? என் வீட்டுக்காரர் காதுல விழுமே! அவரோட அம்மா, புலி வருஷத்துப் பொண்ணுன்னா கதவைச் சாத்துற ஆளு. புருஷனை முழுங்கிடுவாளாம். மூணு பேரைத் திருப்பி அனுப்பிச்சா. நாலாவது நான். கல்யாணத் தரகம்மா ஒரு வருஷத்தைக் குறைச்சு என்னைப் பூனையாக்கிட்டா.

தாவ்: பெரியப்பாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாதா?

லியூ: அம்பத்தி நாலு வருஷமா தெரியாது. ஒவ்வொரு விருந்துலயும் "எனக்கு வாய்ச்சது சாதுவான பூனை"ன்னு பீத்திக்கிறாரு. இந்த வயசுல பொய்க்காரின்னு அவர் முன்னால நிக்கணுமா? பயமா இருக்குடி. நெசமாவே பயமா இருக்கு.

தாவ்: அழாதீங்க... இந்தாங்க, டீ குடிங்க. பெரியப்பா இப்ப எங்க?

லியூ: எதிர்த்த கடையில சதுரங்கம் ஆடுறாரு. சுகர் மாத்திரைக்குக் கையெழுத்துப் போட வந்தேன்னு சொல்லி வச்சிருக்கேன்...

குவீ: யாருக்குச் சுகர்?

லியூ: ஐயோ, வந்துட்டாரு!

குவீ: உனக்கு ஏதுடி சுகரு? தாவ், அது என்ன தாளு? காட்டு... லியூ, எழுபத்தஞ்சு, புலி வருஷம்... தப்பும்மா. என் பொண்டாட்டி பூனை.

தாவ்: அது வந்து பெரியப்பா... பழைய பதிவேடு... எலி கடிச்சு...

குவீ: எலி கடிச்சா பூனை புலியாயிடுமா?

லியூ: போதும் விடு தாவ். புலிதாங்க நான். பொய் சொல்லித்தான் உங்க வீட்டுக்குள்ள வந்தேன். திட்டுங்க.

குவீ: புலியா?

லியூ: புலிதான்.

குவீ: அடிப்பாவி! அம்பத்தி நாலு வருஷமா உன்னைப் பாத்து நடுங்குறேனே... போயும் போயும் ஒரு பூனைக்கா இப்படிப் பயப்படுறோம்னு வெளிய சொல்லவே வெக்கமா இருந்துச்சு! புலின்னு அப்பவே சொல்லியிருந்தா தலை நிமிந்து பயந்திருப்பேன்ல!

தாவ்: பெரியம்மா, நான் சிரிச்சுக்கலாமா?

லியூ: சிரிச்சே, தொலைச்சுடுவேன்.

குவீ: கேட்டுக்கோ. இது பூனை பேசுற பேச்சா?

லியூ: நெசமாவே கோவம் இல்லையா உங்களுக்கு?

குவீ: கோவப்பட எனக்கு என்ன யோக்கியதை... ஏம்மா தாவ், அந்தப் பட்டியல்ல இன்னொரு பேருக்கு இடம் இருக்கா?

தாவ்: யாருக்கு? உங்களுக்குத்தான் எண்பதுன்னு போன வருஷமே சிவப்பு அங்கி போட்டு மேடையேத்தியாச்சே.

லியூ: ஆமா. இவரு குரங்கு வருஷம். கணக்கு சரியாத்தானே இருக்கு?

குவீ: ஆத்தங்கரைச் சந்தையில உன்னைப் பாத்ததுலேருந்து எனக்குச் சோறே எறங்கல. தரகம்மா வந்து, பொண்ணு பூனைன்னு சொன்னா. பூனைக்கும் சேவலுக்கும் ஆகவே ஆகாதுன்னு உங்கம்மா தொரத்திடுவாங்களேன்னு நானும் வயசுல ஒண்ணு கூட்டி, சேவலுக்கு முந்தின குரங்கு வருஷம்னு சொல்லிட்டேன். நான் குரங்கு இல்லடி. எனக்கு நெசமா எண்பது இந்த வருஷந்தான்... தாவ், அவ பேருக்குக் கீழயே எழுதும்மா. குவீ, சேவல் வருஷம்.