யாழினிக்கு நான் கொடுத்த தட்டணு

வெண்மதி, வயது 25, க/பெ மாதவராஜ், இண்டூர், நல்லம்பள்ளி வட்டம், தருமபுரி மாவட்டம். விசாரணையில் கூறியதாவது:

நான் மேற்படி ஊரில் கணவருடன் வசித்துக்கொண்டு தையல் கம்பெனியில் வேலை செய்து வருகிறேன். என் தகப்பனார் பெயர் ஆரோக்கியராஜ். நாங்கள் சாதி மாறி விரும்பித் திருமணம் செய்தவர்கள். அதன் பிறகு கணவரின் அண்ணன் பச்சியப்பன் என்னிடம் பேசியது கிடையாது. சென்ற வாரம் அவரது மகள் யாழினி, வயது எட்டு, டெங்கு காய்ச்சலுக்காகத் தருமபுரியில் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டாள். ஈறில் ரத்தம் நிற்காமல் கசிந்ததால் ரத்தத் தட்டணு, அதாவது பிளேட்லெட், ஏற்ற வேண்டும் என்று டாக்டர் கூறினார். என் கணவர் வெளியூர் சென்றிருந்தபடியால் பச்சியப்பனுடன் நான் ரத்த வங்கிக்குச் சென்றேன்.

அங்கு பணியில் இருந்த சுகுணா, யாழினியின் ரத்த வகையில் ஒரே பைதான் இருக்கிறது, அதுவும் கெடு முடிந்து அழிக்க வைத்தது என்றார். அதற்குப் பச்சியப்பன், "நேத்து வரைக்கும் நல்லா இருந்தது இன்னிக்குக் கெட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டார். சுகுணா, "பிளேட்லெட்ட ஃபிரிட்ஜுல வைக்க முடியாதுங்க. ரூம்லயே மெஷின்ல ஆட்டிக்கிட்டே இருக்கணும். நாளாக ஆக வீரியம் கொறையும். அஞ்சு நாள் தாண்டிட்டா கிருமி வளர்ந்திருக்கும். பாப்பாவுக்கு ஆபத்துங்க" என்றார்.

அதன் பிறகு பச்சியப்பன் சுகுணாவைத் தள்ளிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடினார். சுகுணா விழுந்ததில் அவரது முழங்கையில் காயம் ஏற்பட்டது. நான் துரத்திச் சென்று வாசலில் அவரது கையைப் பிடித்தேன். "மாமா, இது வேணாங்க. எனக்கும் பாப்பா குரூப்புதான். புதுசா நான் தர்றேன்" என்றேன். நான் பையைப் பிடுங்கவில்லை, அவரே விட்டுவிட்டார். அதைச் சுகுணாவிடம் நானே ஒப்படைத்தேன்.

அதன் பிறகு பரிசோதனைகள் முடித்து, கட்டுப்போட்ட கையுடன் சுகுணாவே எனக்கு ஊசி போட்டார். இயந்திரம் தட்டணுவை மட்டும் பிரித்துக்கொண்டு மீதி ரத்தத்தை என் உடம்புக்கே திருப்பிவிட்டது. பை நிறைந்ததும் சுகுணா அதை வெளிச்சத்தில் பிடித்து லேசாக அசைத்துக் காட்டினார். உள்ளே புகை சுழல்வது போல் சுழன்றது. "புதுசுன்னா இப்படித்தாங்க சுத்தும்" என்றார். அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அன்று மாலையே அது யாழினிக்கு ஏற்றப்பட்டு, மறுநாள் கசிவு நின்றது. டாக்டர் வந்து, "யாருங்க குடுத்தது?" என்று கேட்டார். பச்சியப்பன் எழுந்து நின்று, "எங்க வூட்டுப் பொண்ணுங்க" என்றார்.

அவர் சுகுணாவைத் தள்ளியதும் உண்மை, அதை நான் மறைக்கவில்லை. இதில் உள்ளவை நான் கண்டதும் செய்ததும் தவிர வேறில்லை. நானே படித்துப் பார்த்து, சரியெனக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) மா. வெண்மதி