குவைத்தில் ஊசிப்போன சாதம்

சுடுகிறார்கள். பக்கத்துத் தெரு. டப், டப், டப். ரொட்டிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறேன். எங்கள் கட்டடச் சுவரில் ஒட்டி நிற்கிறேன். சத்தம் நிற்கிறது.

குவைத், 1990 செப்டம்பர். ஈராக் படை ஊரைப் பிடித்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. சிப்பாய்களுக்குக்கூட நாங்கள் அவ்வளவு பயப்படவில்லை. மஃப்டியில் திரிந்த உளவுக்காரர்களுக்குத்தான் பயம். முகாபராத் என்பார்கள். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். அதில் ஒருவன் அன்று எங்கள் வாசல் குப்பைத்தொட்டி அருகே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் மாடி ஜன்னலில் வெங்கடேசன். கும்பகோணத்துக்காரர். மெஸ் சமையல்காரர். அறையில் நாங்கள் ஐந்து பேர். நான்கு பேருக்கு அது சோறு. அவருக்கு மட்டும் சாதம். ஈராக் அதிபரின் பெயரும் அதுவும் இவன்கள் காதுக்கு ஒன்றுதான் என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தோம். அவரும் சோறு என்று பழகிக்கொண்டுதான் இருந்தார். அவசரத்தில் பழைய வாய் வந்துவிட்டது.

“தள்ளி நில்லுங்க பாய்! சாதம் ஊசிப் போச்சு, கொட்டப் போறேன்!”

கொட்டினார். கரண்ட் இல்லாமல் கெட்டுப்போன சோறு. சொத்தென்று அந்த உளவுக்காரன் காலடியில் விழுந்தது.

விசில் அடிக்கிறான். இரண்டு சிப்பாய்கள் அவனோடு படியேறுகிறார்கள். நான் பின்னாலேயே ஓடுகிறேன். பானையைக் காட்டினேன். ரூஸ், ரூஸ் என்று அரபியில் கெஞ்சினேன். அரிசி, வெறும் அரிசி. அந்தப் படுபாவி பானைக்குள் விரலை விட்டான். முகர்ந்தான். சிரித்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. புரிந்த பிறகுதான், அடியில் ஒட்டியிருந்ததை வழித்துத் தின்னச் சொன்னான். வெங்கடேசன் தின்றார். வாந்தி எடுத்தார். கலாஸ் என்றான் அவன். முடிந்தது, விட்டுவிட்டான் என்று நினைத்தோம். விசில் அடித்தாகிவிட்டது, வெறுங்கையோடு இறங்க அவனுக்கு மனசில்லை. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

தேடிப் போனோம். போன இடத்திலெல்லாம் துப்பாக்கிக் கட்டையால் அடித்துத் துரத்தினார்கள். ஆளும் இல்லை. உடலும் இல்லை.

பிறகு பாலைவனம். ஜோர்டானில் கூடாரம். பம்பாய்க்கு விமானம். அங்கிருந்து ரயில்.

மெட்ராஸ் சென்ட்ரலில் அவர் மனைவி நிற்கிறாள். போட்டோவில் பார்த்த முகங்களை வைத்து எங்களை அடையாளம் கண்டுகொண்டாள். எங்களை எண்ணினாள். பெட்டிக்குள் ஏறிப் பார்த்தாள். இறங்கி வந்து மறுபடியும் எண்ணினாள். நான்கு பேர்தான்.