செவ்வாய்க்கிழமை ஆள்

— எழுந்திருக்காத டோபின், கட்டுப்போட்ட காலோட அப்படியே சோபாவுல கிட. நான் என்ன விருந்தாளியா? மார்லீன், இந்தப் பையை வாங்கி அடுப்புல வை. நம்ம நெப்ராஸ்கா பன்னு, உள்ள கறியும் முட்டைக்கோஸும். அயோவா தாண்டறதுக்குள்ள ஆறிப்போச்சு.

— லைல், முதல்ல சேத்துப் பூட்ஸைக் கழட்டு. ஒரு போன்கூடப் பண்ணாம இப்படியா வந்து நிப்ப?

— போன் பண்ணியிருந்தா உன் புருஷன் வராதன்னு சொல்லியிருப்பான். ஆமா பின்ன? அவன் பன்னெண்டு வருஷமா பெரிய டீம்ல அமெரிக்கன் ஃபுட்பால் ஆடறவன். நான் தானியக் கிடங்குல சோளம் அள்ளறவன். ஒன்பது மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தா பூட்ஸைக் கழட்டுங்கறீங்க.

— விடுறா. வந்ததும் வராததுமா ஆரம்பிக்காத.

— சரி, ஆரம்பிக்கல. கால் எப்படிடா இருக்கு?

— குதிகால் நரம்பு அறுந்துபோச்சு. வியாழக்கிழமை ஆபரேஷன்.

— அப்போ இந்த வருஷம் அவ்வளவுதானா?

— எல்லா வருஷமும் அவ்வளவுதான். முப்பத்தஞ்சு வயசாச்சு லைல். டாக்டர் சுத்தி வளைக்கல, மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார்.

— ச்சே. ச்சே. பாவமே. ஞாயித்துக்கிழமை டிவியில பாத்தேன். உன் பேரை அந்த வர்ணனைக்காரன் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவைன்னு நினைக்கறேன்.

— மூணாவது.

— எங்க முதலாளி கேக்கறார், "அந்த டோபின் அங்க என்னதான்டா பண்றான்?"னு. சொன்னேன்: "குனிஞ்சு நின்னு ரெண்டு காலுக்கு நடுவால பந்தைப் பின்னாடி வீசுவான். பதினஞ்சு கெஜம் தள்ளி நிக்கறவன் அதைப் பிடிச்சு உதைப்பான். இவன் சரியா வீசினா ஒரு பயலுக்கும் இவன் பேர் தெரியாது, தப்பா வீசினா ஊரே காறித் துப்பும்." "இதுக்கா ஏரிக்கரையில வீடு?"ன்னு விழுந்து விழுந்து சிரிக்கறார் மனுஷன்.

— சிரிக்கட்டும்.

— வெளிய ஒரு படகு நிக்குதே, அதுவும் உன்னுதா?

— அது மார்லீனோட அப்பாவுது.

— ஆமா பின்ன. இவனுக்கு மாமனார்கூடப் படகோட வந்து வாய்ப்பார். என் மாமனார்கிட்ட இருந்தது ஒரே ஒரு டிராக்டர், அதையும் மச்சான்காரன் அமுக்கிட்டான்.

— லைல், உன் கண்ணு இந்த வீட்டுல எதைத்தான் விட்டுவைக்கும்? இவன் முதல் வருஷம் ரெண்டு டீம்ல வெளிய தள்ளப்பட்டவன், மறந்துட்டியா? பயிற்சி மைதானத்துக்கு வெளிய காருக்குள்ளயே அஞ்சு வாரம் படுத்துக் கிடந்தான். நான் நாலு வருஷத்துல மூணு ஊர் மாறினேன், ஒவ்வொரு தடவையும் இந்த சோபாவைத் தூக்கிக்கிட்டு. அதுக்கும் பொறாமைப்படேன்.

— படறேன் மார்லீன், அதுக்கும்தான் படறேன். இவனை ரெண்டு டீம் வெளிய தள்ளுச்சு, சரி. தள்ளறதுக்காவது உள்ள சேத்தாங்கல்ல? அந்த நாலு வருஷம் நான் எங்க ஆடினேன் தெரியுமா? சூ சிட்டியில ஒரு சின்ன டீமுக்கு, ஐஸ் ஹாக்கி ஆடற பனிக்கட்டி மைதானத்து மேல கம்பளத்தை விரிச்சு. மேட்ச் முடிஞ்சா முழங்காலுக்குக் கீழ மரத்துப்போயிடும்.

— அதெல்லாம் பழைய கதைடா.

— பழைய கதையை விடு. புதுசுக்கு வரேன். இன்னிக்கு என்ன கிழமை?

— செவ்வாய்.

— செவ்வாய்க்கிழமைதானே உங்க டீம் வெளியாளைக் கூப்பிட்டு வீச விட்டுப் பாக்கும்? எட்டு வருஷத்துல ஒன்பது தடவை என்னைக் கூப்பிட்டிருக்கு. உனக்கு முதுகு பிடிச்சா எனக்குப் போன் வரும். உன் விரல் பிசகினா எனக்குப் போன் வரும். காலையில விமானம் ஏறுவேன், முப்பது பந்து வீசுவேன், எல்லாரும் கை குடுப்பாங்க, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கிடங்குல எனக்குச் செவ்வாய்க்கிழமை ஆள்னே பேர் வச்சுட்டானுங்க. செவ்வாயோ வெறுவாயோன்னு கேலி வேற.

— தெரியும் லைல்.

— என்ன தெரியும் உனக்கு? நேத்து முழுக்க அறுவடை லாரி வரிசைகட்டி நிக்குது, நான் போனைக் கையிலயே வச்சுக்கிட்டு நிக்கறேன். குளிக்கப் போனாலும் உள்ள கொண்டுபோனேன். பையைக் கட்டிக் கதவுப் பக்கத்துல வச்சேன். உனக்கு முதுகு பிடிச்சதுக்கே கூப்பிட்டவங்க, காலே போனதுக்குக் கூப்பிடலைன்னா என்ன அர்த்தம்?

— காலையில ரெண்டு பேரை வரச் சொல்லியிருந்தாங்க. ஒருத்தன் அரிசோனாப் பையன். ராத்திரிக்குள்ள முடிவு சொல்லிடுவாங்க.

— ராத்திரிக்கு இன்னும் நேரம் இருக்குல்ல? என் நம்பரை எங்கயாவது தொலைச்சிருப்பாங்க, அதான் விஷயம். நீ கோச்சுக்கு ஒரு போன் போடு. "லைல் என் வீட்டுலதான் உக்காந்திருக்கான், பத்து நிமிஷத்துல வந்து வீசிக் காட்டுவான்"னு சொல்லு. எனக்கும் முப்பத்தஞ்சுடா. இதை விட்டா இனி எந்தச் செவ்வாயும் எனக்கு வராது.

— போன் போட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல லைல்.

— ஏன் ஆகாது? நீ தின்னது போக மிச்சம் இருந்தாலும் அது லைலுக்குப் போகக் கூடாது, அப்படித்தானே? காலேஜ்ல யாருடா முதல் ஆளு?

— நீதான்.

— மூணு வருஷம் நான் ஆடினேன், நீ பெஞ்சுல உக்காந்து நகத்தைக் கடிச்சுக்கிட்டிருந்த. பந்துத் தையல்ல நடுவிரலை எங்க வைக்கணும்னு சொல்லிக் குடுத்தது யாரு?

— அதுவும் நீதான்.

— யார் பந்து வேகம்? போன வருஷம்கூட ஸ்டாப்வாட்ச் வச்சுப் பாத்தாங்க. நான்தான் வேகம்.

— நீதான் வேகம். நான் எப்பவும் மெதுவுதான்.

— அப்புறம் என்னடா? கடைசியில ரெண்டு மூணு பந்து கொஞ்சம் மேல போச்சு, ஒத்துக்கறேன். அதுவும் பிடிச்சவன் குள்ளன்.

— அவன் ஆறடி ரெண்டங்குலம்.

— பன்னு சூடாயிடுச்சு. ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுக் கட்டிப் புரளுங்க.

— எனக்கு இறங்காது மார்லீன். ஒண்ணு சொல்லிட்டுத்தான் சாப்பிடுவேன். டோபின், ஞாயித்துக்கிழமை நீ மைதானத்துல சுருண்டு விழுந்தல்ல... நான் கை தட்டினேன்டா.

— என்ன பண்ண?

— கை தட்டினேன் மார்லீன். எங்க வீட்டு ஹால்ல, எம் பொண்டாட்டி டைனா, ரெண்டு பொண்ணுங்க எல்லாரும் இருக்கறப்போ. "போச்சுடா கால்"னு எழுந்தே நின்னுட்டேன். டைனா டிவியை அணைச்சா. பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. இன்னிக்குக் கிளம்பறப்போகூட முகம் குடுத்துப் பேசல.

— உன் பன்னை எடுத்துக்கிட்டு வெளிய போ, லைல்.

— இரு மார்லீன். அவன் பேசட்டும்.

— வயிறு எரியுதுடா. உன் பேர் போட்ட சட்டையைப் பாத்தா எரியுது, நீ குனியறதைப் பாத்தா எரியுது. நீ ஒவ்வொரு தடவை குனியறப்பவும் "கோணிக்கிட்டுப் போகட்டும், கோணிக்கிட்டுப் போகட்டும்"னு வேண்டிக்குவேன். பாவி, போகவே மாட்டேங்குது.

— ரெண்டு தடவை போச்சே.

— பாத்தேன். ரெண்டு எனக்குப் போதல.

— டோபின், போதும். சொல்லிடு. சொல்லலைன்னா இவன் அடுத்த செவ்வாயும் ஒன்பது மணி நேரம் ஓட்டிக்கிட்டு வந்து நிப்பான்.

— எதை மார்லீன்? எதைச் சொல்லணும்?

— உன்னைக் கூப்பிடச் சொன்னது நான்டா லைல்.

— எப்போ?

— எல்லா வாட்டியும். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா கோச் என்கிட்ட வந்து உக்காருவார். "யாரைக் கூப்பிட்டுப் பாக்கலாம், உனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கானா?"ன்னு கேப்பார். ஒன்பது தடவையும் உன் பேரைத்தான் சொன்னேன்.

— நீயா? நீயா சொன்ன? அடப்பாவி... நான் பாரு, கை தட்டிட்டு வந்து உன் எதிர்லயே உக்காந்திருக்கேன். மார்லீன், நீ திட்டினது சரிதான், இன்னும் நாலு திட்டு. அந்தத் தட்டை இப்படிக் குடு, பசிக்குது. ஒன்பது தடவையும்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா? எட்டு வருஷமா உன்னைக் கரிச்சுக் கொட்டியிருக்கேன். டைனாவுக்குப் போன் பண்ணி முதல்ல இதைச் சொல்லணும்.

— சொல்லாத லைல். முழுசாக் கேட்டுக்கோ.

— இன்னும் என்ன?

— வெறும் மைதானத்துல உன்னை மாதிரி வீசறவன் இந்த நாட்டுலயே கிடையாது. ஆனா எதிர்ல ஒரு தடியனை நிறுத்திட்டா நீ பந்தை விடறதுக்கு முன்னாடியே தலையைத் தூக்கி அவனைப் பாத்துடுவ. பந்து ஒரு சாண் மேல போயிடும். காலேஜ்ல பெஞ்சுல உக்காந்து மூணு வருஷம் அதைத்தான் பாத்தேன்.

— அது எப்பவோ ஒண்ணு ரெண்டு...

— எங்க டீம்ல கடைசி அஞ்சு பந்துக்கு எதிர்ல ஆள் நிறுத்துவாங்க. அதுவும் எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சே என் பேரைச் சொன்னியா?

— நீ வந்தா என் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. வேற எவன் வந்தாலும் எனக்குத் தூக்கம் வராது லைல். நீ வர்ற வாரம் நல்லாத் தூங்குவேன்.

— எட்டு வருஷம் நான் உன்னை நினைச்சு வெந்துக்கிட்டிருந்தேனே. உனக்கு என்மேல பயம்கூட இல்லையா? ஒரு நாள்? ஒரே ஒரு நாள்?

— இல்ல.

— சரி. சரிடா. போகட்டும். ஒன்பது தடவை உனக்காகச் சொன்ன, பத்தாவது தடவை எனக்காகச் சொல்லு. இனி உனக்கு என்ன போகப்போகுது? கோச் இந்த வாட்டி உன்னைக் கேக்கலையா?

— ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரிக்கே வந்து கேட்டார்.

— அப்புறம் ஏன்டா என் பேரைச் சொல்லல?

— இந்த வாட்டி அவங்களுக்கு நெசமாவே ஆள் வேணும், லைல்.